அரைக்கொழுந்து சேர்த்த கணக்கு

எதிர்காலம் சொல்கிறவர்களுக்கு எங்கள் மலைப்பக்கம் பஞ்சமே இல்லை. ராகலை பஸ் ஸ்டாண்டில் கிளி வைத்திருப்பவர் சொல்வார். கந்தப்பளையில் கைரேகை பார்ப்பவர் சொல்வார். தேர்தல் வந்தால் மேடைக்கு மேடை சொல்வார்கள். எல்லாருக்கும் அதில் ஏதோ ஒரு பிழைப்பு நடக்கிறது. ஐந்து நாளில் நாலு நாள் சரியாகச் சொல்லியும், அதற்காக ஒரு பிளேன்டீகூட யாரும் வாங்கிக் கொடுக்காத ஒரே ஆள், இந்த இலங்கையிலேயே, எங்கள் தோட்டத்து அரைக்கொழுந்துதான்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையில் இருக்கிறது. அட்டை எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

வேலை, கொழுந்து மடுவத்தில். பெண்கள் மலையில் பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து நிறுக்கிற கொட்டகைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். ஒவ்வொரு சாக்கிலும் கையை விட்டு நூறு கொழுந்து எடுத்து மேசையில் பரப்புவார். இரண்டு இலையும் மொட்டுமாக இருந்தால் நல்லது, மிச்சமெல்லாம் முத்தல். நல்லது எத்தனை என்று கொப்பியில் எழுதுவார். பத்து வருடமாக இதே வேலை. இந்த வேலையில் ஒருவருக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும். அவருக்குக் கணிதம் பிடித்தது.

உயர்தரப் பரீட்சையில் இரண்டு தரம் கணிதம் எழுதி, இரண்டு தரமும் பல்கலைக்கழகம் கிடைக்காமல் கம்பஸ் வாசல்வரை போய்த் திரும்பியவர். பிறகு நுவரெலியாவில் நடைபாதைக் கடை ஒன்றில் புள்ளிவிவரப் புத்தகம் ஒன்று வாங்கினார். அதில் முதல் நாற்பது பக்கங்கள் இல்லை. ஆகவே, எல்லாரும் கடைசியில் படிக்கிற, மணி உருவத்தில் வளைகிற செவ்வன் பரம்பல் அவருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. முன்னால் இருந்திருக்க வேண்டியதையெல்லாம் அவரே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. அதற்கு மூன்று வருடம் ஆனது. கண்டுபிடித்ததெல்லாம் சரியாகவும் இருந்தது. அதுதான் வம்பு.

இதற்குப்பின் அவரிடம் சாதாரணமாகப் பேச முடியாமல் போயிற்று. கடைக்காரர் ஒருநாள், "இன்னிக்கு மழை வருமாப்பா?" என்று கேட்டார்.

"ஒரு நாளக் கேக்காதீங்க முதலாளி. நூறு நாளக் கேளுங்க, சொல்றேன்."

"நூறு நாளைக்கு நான் எதுக்குய்யா துணிய உள்ளுக்கு எடுக்கிறேன்? இன்னிக்குக் காயப்போடவா வேணாமா?"

"ஒண்ணே ஒண்ணு கணக்குக்கு வராதுங்க."

கல்யாணத் தரகர் ஒருவர் வட்டகொடைப் பக்கம் ஒரு பெண் இருப்பதாக வந்தார். நல்ல குடும்பம், தையல் தெரிந்த பெண். இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எண்ணிக்கை போதாதே" என்றார். ஒருவரை மட்டும் பார்த்து முடிவு சொல்வது முறையில்லையாம். முப்பது பேரையாவது பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியுமாம். தரகர் குடையை எடுத்துக்கொண்டு போனவர், வட்டகொடை ஸ்டேசன் வரைக்கும் திட்டிக்கொண்டே போனதாகக் கேள்வி.

இப்படி யாருக்கும் உபத்திரவமில்லாமல் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் புதுத் துரை வந்தார்.

துரை என்றால் தோட்டத்தின் மேனேஜர். இவர் இளம் வயது. கொழும்பில் ஏதோ பெரிய படிப்பு. வந்த மாதமே நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தார். பகல் சாப்பாட்டுக்கு நாலு வகை இறைச்சி போடுகிற பயிற்சிகளிலிருந்து தொழிலாளிக்கு நல்லது எதுவும் பிறந்ததாக வரலாறு இல்லை. இவர் கையில் ஒரு டேப்லெட்டோடு திரும்பினார். மறுநாள் திட்டம் அறிவிக்கப்பட்டது.

நூறு கொழுந்தில் நல்லது அறுபத்தைந்தோ அதற்குக் குறைவோ இருந்தால் அந்தப் பெண்ணின் பெயர் சிவப்புப் பட்டியலில் ஏறும். மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற அந்த நேரத்தில், எல்லார் முன்னாலும் வாசிக்கப்படும். மாதத்தில் மூன்று தரம் வந்தால் மேல் டிவிஷனுக்கு மாற்றம். மேல் டிவிஷன் என்பது மூன்று மைல் ஏற்றம். எப்போதும் பனி. அங்கே பிள்ளைக்காம்பரா கிடையாது. அதாவது வேலை நேரத்தில் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் இல்லை. நன்றாகப் பறித்தவர்களுக்குத் தங்கப் பட்டியல். அதற்குப் பரிசு, ஆபீஸ் பலகையில் ஒரு போட்டோ.

டேப்லெட்டில் பெயர் பதிவதற்கும் பெரட்டில் வாசிப்பதற்கும் படித்த பையன் ஒருவன் தேவைப்பட்டான். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரைக்கும் போன முதல் ஆள் நான். அப்பா நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். வேலை எனக்குக் கிடைத்தது. கழுத்தில் ஒரு அட்டையும் கிடைத்தது. முதல் நாள் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு நான் வாசித்த முதல் பட்டியலில் நாலாவது பெயர் பரமேஸ்வரி. என் அண்ணி.

அண்ணிக்கு எட்டு மாதக் குழந்தை. காலையில் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போவார். பத்து மணிக்கு ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி ஓடுவார். அன்று சாயந்தரம் வீட்டுக்குப் போனதும் எனக்கு முக்காலி எடுத்துப் போட்டார்.

"வாங்க ஆபீசரு, ஒக்காருங்க. தேத்தண்ணி குடிப்பீங்களா, இல்ல கீழ் வீட்டு ஆளுக கையில குடிக்க மாட்டீங்களா?"

"அண்ணி, நான் என்னா செய்ய? டேப்லெட்டுல வந்திருச்சு."

"ஓ, அதுவா வந்திருச்சா. அந்த டேப்லெட்டுகிட்டயே கேட்டுச் சொல்லுங்க, புள்ளைக்கு மேல் டிவிஷன்ல யாரு பால் குடுப்பாங்கன்னு."

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

மறுநாள் மடுவத்தில் இதைச் சொன்னபோது அரைக்கொழுந்துக்கு, அப்போது அந்தப் பெயர் இன்னும் வைக்கப்படவில்லை, கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பழைய கொப்பிகளையெல்லாம் இழுத்துப் போட்டார். பத்து வருடத்தில் எந்தப் பெண்ணை எடுத்தாலும் சராசரியாக நூற்றுக்கு எழுபது நல்ல கொழுந்து. ஐம்பது பேரும் ஒரே மலையில், ஒரே கங்காணியின் வசவில் பறிக்கிறவர்கள். ஒருநாள் எழுபத்தாறு, ஒருநாள் அறுபத்து நாலு என்று ஏறி இறங்குவதெல்லாம் சாக்குக்குள் இவருடைய கை எந்தப் பக்கம் போகிறது என்பதால்தான்.

"தம்பி, பத்துக்கு ஏழு தரம் தலை விழுற காசச் சுண்டுற மாதிரிதான் இது. நூறு தரம் சுண்டுறோம். அறுபத்தஞ்சோ கொறையவோ விழ எவ்வளவு வாய்ப்புன்னு பாக்கணும்."

அதை நேராகப் போடப் பார்த்தால், பூச்சியத்திலிருந்து அறுபத்தைந்து வரைக்கும் தனித்தனியாக அறுபத்தாறு கணக்குப் போட்டுக் கூட்ட வேண்டும். நான் போனில் மூன்றாவது கணக்கைப் போட்டதும் போன் எதையோ காட்டிவிட்டு நின்றுவிட்டது. அவர் சிரித்தார். சோக்கட்டியால் மடுவத்துச் சுவரில் கூரைவரைக்கும் ஒரு மணியின் உருவத்தை வரைந்தார். நடுவில் எழுபது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சரிவு. நூறு தரம் சுண்டினால் அந்த அறுபத்தாறு கணக்கும் கிட்டத்தட்ட இந்த உருவத்துக்குள் வந்து படுத்துவிடுமாம். கோடு எங்கே என்று பார்த்து, அட்டவணையைப் புரட்டினால் போதும். விடை ஒரு நிமிடம்.

கோட்டை அவர் அறுபத்தைந்தரையில் போட்டார்.

அங்கே சும்மா நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கங்காணி, "அதென்னா அரை? அரைக்கொழுந்து எந்த மரத்துலய்யா காய்க்குது?" என்றார்.

"கங்காணியாரே, கொழுந்து ஒண்ணு ஒண்ணாத்தான் ஏறும், நம்ம லயத்துப் படிக்கட்டு மாதிரி. இந்த வளைவு சறுக்கு. படிக்கட்டு மேல சறுக்குப் பலகையப் போட்டா, அது ஒவ்வொரு படியையும் நடுவுலதான் வெட்டும். அறுபத்தஞ்சாம் படி முழுசா உள்ளுக்கு வரணும்னா அரை தள்ளித்தான் கோடு போடணும்."

"அரை தள்ளாட்டி என்னா? மானம் போயிருமா?"

"அரை தள்ளினா அம்பது பேர்ல எட்டுப் பேரு மாட்டுவாங்க. தள்ளாட்டி ஏழு. அந்த அரைக்கொழுந்துல ஒரு பொம்பள தொங்குறா."

கங்காணி துப்பிவிட்டுப் போய், மலை முழுக்க இதைச் சொன்னார். சாயந்தரத்துக்குள் பெயர் நிலைத்துவிட்டது.

அடுத்த நாளிலிருந்து ஆள் பெரட்டிலேயே அறிவிக்க ஆரம்பித்தார். "இன்னிக்கு அஞ்சுக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல. பெரும்பாலும் எட்டு." திங்கள் ஒன்பது பேர் மாட்டினார்கள். செவ்வாய் ஏழு. புதன் எட்டு. வியாழன் பன்னிரண்டு, அன்றைக்கு மட்டும் ஆளைப் பிடித்துச் சிரித்தார்கள். "அஞ்சு நாள்ல ஒரு நாள் தப்பணும்ல, இன்னிக்குத் தப்பிருச்சு" என்று அவர் சந்தோஷமாகப் போனார். வெள்ளி மறுபடி எட்டு.

பெண்கள் மிரண்டுபோனார்கள். அவர்களில் செல்லம்மாக்கா ஒரு வெற்றிலைச் சுருளோடு வந்தார்.

"தம்பி, எட்டுன்னு சொல்றீயே, யாரு யாருன்னு சொல்லு."

"அது தெரியாதுக்கா."

"எத்தன பேருன்னு தெரியும், யாருன்னு தெரியாதா? சாமி என்னா பாதிதான் சொல்லுதா?"

"சாமி இல்லக்கா, சறுக்கு."

"ஒனக்கு எம்மேல என்னமோ கோவம்" என்று சொல்லி வெற்றிலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். திங்களன்று தங்கப் பட்டியலில் அவர் போட்டோ ஏறியது. புதனன்று சிவப்புப் பட்டியலில் பெயர் வந்தது. போட்டோவைக் கழற்ற யாருக்கும் நினைவில்லை. ஆகவே எங்கள் தோட்டத்திலேயே மிகச் சிறந்தவரும் மிக மோசமானவருமான தொழிலாளி ஒரே பலகையில் அந்த வாரம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சுவரில் வரைந்த மணியைப் பார்த்துச் சிலர் அது சிவனொளிபாத மலை என்று முடிவுகட்டினார்கள். ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் அதற்குக் கீழே யாரோ சூடம் கொளுத்தியிருந்தார்கள். சரியாகச் சராசரிக்கு நேர் கீழே.

அண்ணியின் பெயர் இரண்டாம் தரம் வந்தது. நான்தான் வாசித்தேன். இன்னும் ஒரு தரம் வந்தால் மேல் டிவிஷன். நான் மடுவத்துக்கு ஓடினேன்.

"அண்ணே, நாளைக்கு எங்க அண்ணி பேரு வருமா?"

"ஆறுல ஒண்ணு."

"கொஞ்சம் நல்லதாச் சொல்லுங்கண்ணே."

"நல்லதா வேணும்னா ஏழுல ஒண்ணு. ஆனா அது அரையச் சேக்காத கணக்கு, தப்பு."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு கணக்குப் போட்டார். மாதத்துக்கு இருபத்து நாலு நாள் வேலை. இப்படியே போனால், யாரும் ஒரு தப்பும் செய்யாமலேயே, மாத முடிவுக்குள் நாலில் மூன்று பேருக்கு மேல் மூன்று தரம் மாட்டியிருப்பார்கள்.

"மேல் டிவிஷன்ல அத்தன பேரு நிக்க எடமே இல்லயே தம்பி" என்றார். "வா, தொரையப் பாப்போம்."

துரைக்குத் தமிழ் வராது. அரைக்கொழுந்துக்குச் சிங்களம் கடைக்கு மட்டும் போதும். நடுவில் நான். ஆபீசில் துரையின் நாற்காலிக்குப் பின்னால், அளக்க முடிந்ததைத்தான் உயர்த்த முடியும் என்ற கருத்தில் ஒரு படம் மாட்டியிருந்தது. கழுகுப் படம்.

"பேர எல்லாம் எழுதிப் பொட்டியில போட்டு, கண்ணக் கட்டிக்கிட்டு எட்டு எடுங்க. இதே பட்டியல்தான் வரும்னு சொல்லு" என்றார் அரைக்கொழுந்து.

"சேர், திட்டத்தை இன்னும் மேம்படுத்த இவருக்கு ஒரு யோசனை இருக்கிறதாம்" என்று நான் சிங்களத்தில் சொன்னேன்.

துரை மகிழ்ந்து எங்களை உட்காரச் சொன்னார். பட்டியல் வெறும் குலுக்கல்தான் என்று இந்தத் தரம் நான் உள்ளபடியே சொல்ல, அரைக்கொழுந்து கொப்பியை விரித்து மணியைக் காட்டினார். துரை அதை ஏற்கெனவே எங்கோ பார்த்திருக்கிறார் என்பது தெரிந்தது; பரீட்சை ஞாபகம் வந்தவர்போல முகம் லேசாக வெளுத்தது. சமாளித்துக்கொண்டு, சிவப்புப் பட்டியலில் தினமும் யாராவது இருந்தால்தான் மற்றவர்கள் முன்னேறுவார்கள் என்றார். பிறகு, நாளைக்கு எத்தனை பேர் என்று இவரால் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

"அஞ்சுக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல. ஆனா ஒரு நாள் போதாது, ஒரு மாசம் பாக்கணும்னு சொல்லு."

துரைக்கு ஒரு மாதம் இல்லை. அடுத்த வாரம் கொழும்பிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். நாளை ஒரே நாள்தான் என்றார். சொன்னபடி வந்தால் பட்டியலை நிறுத்திவிடலாம். வராவிட்டால் இவர் கொப்பியோடு மேல் டிவிஷன் மடுவத்துக்குப் போக வேண்டும்.

ஒரு நாள் மழையைப் பற்றிக்கூடப் பேச மறுத்த மனிதர், முப்பதுக்குக் குறைந்தால் கல்யாணமே வேண்டாம் என்ற மனிதர், என்னை ஒரு தரம் பார்த்தார். "சரின்னு சொல்லு" என்றார்.

வெளியே வந்ததும், "யாருகிட்டயும் சொல்லாத தம்பி" என்றார். "ஆளுக எப்பவும் போல பறிக்கணும். அதுதான் முக்கியம்."

நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அண்ணி அன்றைக்கும் முக்காலி எடுத்துப் போட்டார். ஒரு நல்ல செய்தியாவது சொல்லலாமே என்று சொல்லிவிட்டேன். அரைமணி நேரத்தில் ஒட்டுமொத்த லயமும் எங்கள் வாசலில் நின்றது.

"நம்ம புள்ளைக்காக அந்த மனுசன் தொரைகிட்டப் பந்தயம் கட்டியிருக்காரு" என்றார் அண்ணி. "அவரு மானம் போகக்கூடாது."

"அதுக்கு அஞ்சு பேராவது மாட்டணும் அண்ணி" என்று நான் விளக்கினேன். "அஞ்சுலேருந்து பதினொண்ணு. பூச்சியம் வந்தா அவரு தோத்துருவாரு. எப்பவும் போல பறிங்க, போதும்."

செல்லம்மாக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். "எந்த அஞ்சு பேரு? நீ படிச்சவன்தானே, சொல்லு. இவளா? இவளுக்கு ஏற்கெனவே ரெண்டு. அவளா? அவ மாசமா இருக்கா. நானா? என் போட்டோ போர்டுல இருக்கு."

"யாருன்னு நாம சொல்ல வேணாம்கா, அதுவா வரும்."

"அதுவா வரட்டும்னு வுட்டுட்டு, நாளைக்கு இவ புள்ளையத் தூக்கிக்கிட்டு மேல போனா, அப்பவும் அதுவா வந்துச்சுன்னு சொல்லுவியா?"

அந்தக் கேள்வி அவருடைய புத்தகத்தில் இல்லை. ஒவ்வொரு சுண்டுதலும் தனித்தனி, ஒன்று விழுந்தது மற்றதற்குத் தெரியாது என்றுதான் அந்தக் கணக்கு முழுக்க நிற்கிறது. சுண்டிவிட்ட ஐம்பது காசும் ஒரு வாசலில் கூடிப் பேசினால் என்ன ஆகும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

மறுநாள் ஐம்பது பெண்களும் ஒவ்வொரு கொழுந்தையும் பூப்பறிப்பதுபோலப் பறித்தார்கள். இரண்டு இலை, மொட்டு; இரண்டு இலை, மொட்டு. சந்தேகமாக இருந்தால் அடுத்தவளிடம் காட்டிக் கேட்டார்கள். கங்காணி கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் பகலோடு ஓய்ந்துபோனார். மடுவத்தில் அரைக்கொழுந்து முதல் சாக்கில் கைவிட்டு நூறு எடுத்துப் பரப்பினார். தொண்ணூற்றெட்டு நல்லது. அடுத்தது தொண்ணூற்றாறு. அதற்கடுத்தது நூறு. ஐந்தாவது சாக்கில் எண்ணுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"என்னா பண்ணிட்டீங்க? எழுபத மாத்திட்டீங்களே!"

"நல்லாப் பறிச்சிருக்கோம் அண்ணே, எண்ணிப் பாருங்க" என்றார் அண்ணி, பெருமையாக.

"நல்லாப் பறிக்கவா சொன்னேன்? எப்பவும் போலப் பறிக்கணும்னுல தம்பிகிட்டச் சொன்னேன்."

சிவப்புப் பட்டியல் காலி. துரை டேப்லெட்டைப் பார்த்து ஒரு நிமிடம் எழுந்தே நின்றார். உலகத்தில் எந்தப் பயிற்சியும் இவ்வளவு சீக்கிரம் பலித்ததில்லை. கொழும்புக்குப் போட்டோ அனுப்பினார். அனுப்பி முடிப்பதற்குள் தேயிலை அரைக்கிற ஸ்டோரிலிருந்து, அதாவது ஃபாக்டரியிலிருந்து, போன் வந்தது. கொழுந்து எங்கே என்று கேட்டார்கள். ஆளுக்குப் பதினெட்டுக் கிலோ வருகிற சாக்குகளில் அன்றைக்கு நாலு, ஐந்து கிலோதான் இருந்தது. வாட்டுகிற தொட்டிகள் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தன. மெஷின்காரர்கள் வெளியே வந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். துரை எத்தனை நாள் இதைத் தாங்க முடியும் என்று யோசித்தார். நாளையும் இப்படித்தான் பறிப்பார்களா என்று என்னிடம் கேட்டார். கேட்டு வந்து சொன்னேன்: பட்டியல் இருக்கிறவரைக்கும் இப்படித்தானாம்.

மறுநாள் பெரட்டில் நான் ஒரு அறிவித்தல் வாசித்தேன். திட்டம் எதிர்பார்த்ததைவிட முழு வெற்றி பெற்றுவிட்டதால் இன்றோடு நிறுத்தப்படுகிறது; ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி. அண்ணி கைதட்டினார். அதன்பிறகு எனக்கு முக்காலி போடுவதை நிறுத்திவிட்டு, எப்போதும்போல நானே தேத்தண்ணி ஊற்றிக்கொள்ளும்படி விட்டுவிட்டார்.

தோட்டம் முழுக்கச் சந்தோஷம். ஒரே ஒருவரைத் தவிர.

"தப்பான காரணத்துக்கு ஜெயிச்சிட்டோம் தம்பி" என்றார் அரைக்கொழுந்து. "கணக்கு சரின்னுல நிறுத்தியிருக்கணும்? கொழுந்து கொறைஞ்சிருச்சுன்னு நிறுத்தியிருக்காங்க. இது ஒரு நிறுத்தலா?"

"அண்ணி இங்கயே இருக்காங்கல்ல அண்ணே. அது போதாதா?"

"அது வேற. நான் அஞ்சுக்குக் கொறையாதுன்னு சொன்னேன், வந்தது பூச்சியம். நான் தோத்துட்டேன்."

அடுத்த திங்கட்கிழமை கொப்பியையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு மேல் டிவிஷனுக்கு ஏறிவிட்டார். துரைக்கு அந்தப் பந்தயமே மறந்துபோயிருந்தது. யாரும் போகச் சொல்லவில்லை. அண்ணன் போய் வழியை மறித்தார். பெண்கள் திட்டிப் பார்த்தார்கள். "வாய்விட்டுச் சொன்னேனே, சொன்னதுக்குப் போகணும்ல" என்று எல்லாரையும் விலக்கிக்கொண்டு நடந்தார்.

இரண்டு வருடம் ஆகிறது. குழந்தை இப்போது நடந்து, ஓடி, பிள்ளைக்காம்பராவை இரண்டுபடுத்துகிறது. அரைக்கொழுந்து இன்னும் தினமும் மூன்று மைல் ஏறுகிறார். நீங்கள் எப்போதாவது எங்கள் பக்கம் விடிகாலையில் காரில் வந்தால், பனிக்குள் குடை பிடித்துக்கொண்டு ஒரு மெலிந்த மனிதர் அந்த ஏற்றத்தில் தனக்குத்தானே பேசியபடி போவதைப் பார்ப்பீர்கள். ஹார்ன் அடிக்க வேண்டாம், கொஞ்சம் ஓரமாக ஒதுங்கிப் போங்கள். எங்கள் அண்ணி நடந்திருக்க வேண்டிய ரோடு அது.